நீ எழுதினாய், நான் உட்கார்ந்திருந்தேன்

நேற்று வெள்ளிக்கிழமை. அம்மன் கோயிலுக்குப் போனவன் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவ்வளவு கூட்டம். எல்லாம் காலேஜுப் பிள்ளைகள். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருக்கின்றன. பூசாரி தட்டில் தேங்காய்க்கும் பழத்துக்கும் இடமில்லை. ஹால் டிக்கெட்டும் பேனாவுமாகக் குவிந்து கிடந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து அம்மன் காலில் வைத்துக் குங்குமம் தொட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பெண்பிள்ளை தன் பேனா மாறிப்போய்விட்டது என்று முறையிட்டது. எல்லாப் பேனாவும் ஆத்தாள் காலைத் தொட்டதுதானே, எதுவானால் என்ன என்றார் பூசாரி. "அது எழுதாது சாமி" என்றது அது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உன்னிடம் சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பினேன். திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு வந்திருக்கிற முதல் பங்குனி இது. பங்குனி வந்தால் நம் ஊரில் அம்மனுக்குப் பொங்கலும் வரும், பரீட்சையும் வரும். வேப்பிலையும் மஞ்சளும் தூக்கம் கெட்ட பிள்ளைகளின் முகமுமாகத் தெரு ஒரு மாதிரி ஆகிவிடும். நேற்று முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. இன்று மருமகளைக் கூப்பிட்டு, ஒரு கடுதாசி எழுத வேண்டும், நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தாள். பிறகு, "அவுகளுக்கு எந்த விலாசம் போட மாமா?" என்றாள். முதலில் எழுது தாயி, விலாசத்தைப் பிறகு பார்ப்போம் என்றேன். நான் 'வாரேன்' என்று சொன்னால் 'வருகிறேன்' என்று எழுதுகிறாளாம். எழுதிவிட்டுப் போகட்டும். உனக்கு என் குரல் தெரியும்.

ஜப்பான்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. தறிக்கு நூல் கிடைக்கவில்லை. சர்க்கார் அளந்து கொடுக்கிற நூல் ஒரு தாலிக்கயிறு திரிக்கக்கூடப் போதாது என்று தெருவில் கேலி பேசுவார்கள். தறிகளெல்லாம் வாயடைத்துக் கிடந்தன. தறிச்சத்தம் இல்லாத தெருவில் உன் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நீ கூடத்தில் நடந்துகொண்டே இங்கிலீஷில் உரக்கப் படிப்பாய். உன் வீட்டிலும் என் வீட்டிலும் தெலுங்கு. தெருவில் இறங்கினால் தமிழ். உன் அம்மா நம்மைத் தெலுங்கில் திட்டித் தீர்த்துவிட்டு, கோயிலில் போய்த் தமிழில் கும்பிடுவாள். ஏன் அங்கே மட்டும் தமிழ் என்று நீ ஒருநாள் கேட்டாய். "நம்ம வீட்டுச் சண்ட ஆத்தாளுக்குத் தெரிய வேணாம்னுதான்" என்றாள்.

நம் தெருவில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நீ. கெட்டிக்காரன் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. மதுரையில் தங்கி இண்டர்மீடியட் படித்தாய். கடைசிப் பரீட்சையில், கணக்குத் தாளன்று, கேள்வியைக் கையில் வாங்கியதும் உள்ளங்கை வேர்த்து, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்துவிட்டது என்று என்னிடம் மட்டும் சொன்னாய். கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டாய். மற்ற எல்லாரிடமும் கேள்வி கடினம் என்றாய். மறுவருடம் திரும்ப எழுதலாம் என்றார்கள். அதிலும் போனால் காலேஜ் பேச்சே இனி இந்த வீட்டில் கிடையாது, நேரே தறிக்குழிதான் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். உன் அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான். வருடம் பூராவும் நீ அந்தக் கூடத்தில் நடந்தாய். உன் காலடி பட்டுத் தரையில் தடம் விழுந்துவிட்டது என்று உன் அம்மா அதன்மேல் சாணி மெழுகிக்கொண்டே இருப்பாள்.

அந்த வருடம் பக்கத்துத் தெருவில் அம்மை இறங்கட்டும் என்று காத்திருந்து பொங்கலைப் பிந்தித்தான் நாள் குறித்துச் சாட்டினார்கள். பரீட்சையும் பொங்கலும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்தது. அதில் உன் அம்மா செய்த காரியம் இருக்கிறதே, அதை வேறு ஊரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள், பிள்ளை தேறினால் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். உன் அம்மா, தேறுவதற்கு முன்னாலேயே நீ சட்டி எடுத்துவிடுவதாக நேர்ந்துவிட்டாள். கூலியை முன்கூட்டிக் கொடுத்துவிட்டால் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் இருக்க ஆத்தாளுக்கே கூச்சமாக இருக்கும் என்பது அவள் கணக்கு. பொங்கல் சாட்டிய அன்றே உன்னைக் கோயிலுக்கு இழுத்துப் போய், சட்டி எடுக்கிறவர்கள் வரிசையில் நிறுத்தி, கையில் மஞ்சள் காப்பைக் கட்டிவிட்டாள்.

காப்புக் கட்டினவன் பொங்கல் முடிகிறவரை ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். தலை சாய்ப்பது ஊருக்குள்தான். இது அவளுக்குத் தெரியாததல்ல. பரீட்சை மதுரையில் என்பதும் தெரியும். ஆனால் பரீட்சை என்பதை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது மாதிரி நினைத்திருந்தாள். காலையில் போய் எழுதிக் கொடுத்துவிட்டுப் பொழுது சாய வந்துவிடலாம், அவ்வளவுதான். அது நாள் நாளாக நீளும், காலையில் மணியடிக்கும்போது வாசலில் நிற்க வேண்டும், பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய அந்த பஸ்ஸை நம்பி இங்கிருந்து கிளம்பினால் மணி அடித்து முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம் என்பதெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள்? நீ சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. கையை நீட்டிக் காப்பைக் கட்டிக்கொண்டு வந்தாய்.

ஏன் சொல்லவில்லை என்று அன்று சாயந்திரம் கேட்டேன். உன் அண்ணன் பேரை மட்டும் சொன்னாய். நீ கைக்குழந்தையாக இருக்கும்போது அவனை அம்மை கொண்டுபோய்விட்டது. முந்தின வருடம் நேர்ந்ததைச் செலுத்தாமல் தள்ளிப்போட்டதால்தான் ஆத்தாள் எடுத்துக்கொண்டாள் என்று உன் அம்மா சாகிறவரை நம்பினாள். அப்படிப்பட்டவளிடம் காப்பைக் கழற்று என்று யார் சொல்வது?

பரீட்சைக்கு மதுரையில் தங்கியாக வேண்டும் என்ற விஷயம் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் போட்டுவிட்டு அடுத்த வருடம் செய்துகொள்ளலாம் என்றார் உன் அப்பா. உன் அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, முதலில் என்னைத் தாண்டிப் போகட்டும் என்பதுபோல் இருந்தாள். அன்று ஒருவேளை சோறு பொங்கவில்லை. தெருவில் ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். சாமியா படிப்பா என்று பெரியவர்களெல்லாம் பட்டிமன்றம் வைத்துக்கொண்டிருந்தபோது நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடம் பூராவும் இறுகிக் கிடந்த முகம் அது. காப்புக் கட்டியதிலிருந்து இளகிப்போயிருந்தது. நீ நன்றாகச் சாப்பிட்டாய். என்னோடு ஆடுபுலி ஆட வந்தாய். இவன் அந்தக் காப்புக்குள் ஒளிந்துகொண்டான் என்று எனக்குத் தோன்றியது.

நான் நேரே பூசாரி வேளாரிடம் போனேன். அவர் சக்கரத்தில் உட்கார்ந்து பொங்கலுக்கு வேண்டிய அக்கினிச்சட்டிகளை வனைந்துகொண்டிருந்தார். காப்புக் கட்டினவன் எல்லை தாண்டித் தங்க வழியுண்டா என்று கேட்டேன். சக்கரத்தை நிறுத்தாமலே, "யாரு, ஒஞ் சேக்காளியா?" என்றார். ஆமாம் என்றேன்.

"எல்லங்குறது என்னப்பா, கல்லா? அவ மண்ணு எங்க இருக்கோ அதான் அவ எல்ல. ரங்கூனுக்குப் போன ரெட்டியபட்டிக்காரன் என்னத்தக் கொண்டு போனான்? பிடிமண்ணு கொண்டு போனான். அங்கன கோயில் கட்டிப் பொங்க வைக்கலையா?"

"அப்ப ஒரு பிடி குடுங்கய்யா" என்றேன்.

"குடுக்கேன். தரையில மட்டும் எறக்கிறாத. எறக்குன எடத்துல அவ ஒக்காந்துக்கிருவா. பெறகு மதுரையில கோயிலு யாரு கட்டுறது, நீ கட்டுவியா? அந்தப் பய உள்ள போயி எழுதையில யாரு கையில இருக்கும்?"

"எங் கையில" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஆனால் தறி சும்மாதானே கிடந்தது.

உன்னிடம் வந்து சொன்னபோது நீ என்னை அடிக்க வந்தாய். உனக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, எனக்கு இருக்கிறது. புத்தகத்தை வீசிவிட்டு, "ஏலே, ஒன்ன எவன்லே கேக்கச் சொன்னான்?" என்றாய். சட்டென்று குரல் இறங்கிவிட்டது உனக்கு. "போக முடியாதுன்னு இருந்துச்சு. நல்லாருந்துச்சுலே. இப்பப் போகணுமேடா" என்றாய். எப்போதும் 'லே'தான், அதற்குமுன் நீ என்னை 'டா' போட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் மண்ணைச் சுமக்கலாம் என்று எனக்கு அப்போது இருந்தது.

உன் அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. பூசாரி சொன்னால் போதாது, பல்லி சொல்ல வேண்டும் என்றாள். சாமி விளக்கின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நாமும் உட்கார்ந்தோம். பல்லி வாயைத் திறக்கவே இல்லை. வெளியே பொழுது ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் உள்ளறைப் பக்கமிருந்து 'டிக் டிக் டிக்' என்று சத்தம் கேட்டது. உன் அப்பா அங்கேதான் இருந்தார். உன் அம்மா கண்ணைத் திறக்காமலே, "இது நம்ம வீட்டுப் பல்லி இல்ல போலருக்கே, பொகையில வாட அடிக்கி" என்றாள். நமக்கு அடக்க முடியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பு மாவு இடிக்கப் போனாள்.

வேளார் புதுக் கலயத்தில் மண்ணைப் போட்டு, வேப்பிலை சொருகி, வாயை மஞ்சள் துணியால் வேடு கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது கலயத்தின் புண்ணியத்தில்தான். சாமி போகிறது என்று ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். காரியாபட்டிக்கு முன்னால் ஒரு மேட்டில் பஸ் திணறி நின்றது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். நீ இறங்கித் தள்ளினாய், நான் கலயத்தோடு உள்ளே இருந்தேன். வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்து, "ஆத்தாளோட வந்தா நல்ல சொகுசுதான்லே ஒனக்கு" என்றாய்.

மதுரையில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். கலயத்தை ஆணியில் உறி கட்டித் தொங்கவிட்டு அதற்கு நேர் கீழே நீ படுத்தாய். காப்புக் கட்டினவன் கண்ட இடத்தில் சாப்பிடக்கூடாது என்று உன் அம்மா கொடுத்துவிட்ட மாவு உருண்டைதான் உனக்கு. எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கிளப்புக்கடை இட்டிலியைத் தின்றுவிட்டு வந்து உன் முன்னால் வாயைத் துடைப்பேன். நீ என்னைச் சபிப்பாய்.

காலேஜ் வாசலில் காவல்காரர் என்னை நிறுத்தி, கலயத்தில் என்ன, தயிரா என்று கேட்டார். விவரம் சொன்னேன். அவர் நத்தம் பக்கத்து ஆள், பிடிமண் என்றால் என்னவென்று தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கலயத்தைக் கும்பிட்டார். உள்ளே கட்டடத்துக்கு எதிரே ஒரு புங்கமரத்தைக் காட்டி, அங்கே இருந்துகொள்ளலாம், சத்தம் மட்டும் கூடாது என்றார். நீ எழுதுகிற அறையின் ஜன்னல் அந்த மரத்துக்கு நேராக இருந்தது. மடியில் கலயத்தை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துப் படியே மிதிக்காதவன் காலேஜுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு மரத்தடியும் ஒரு ஜன்னலும்தான் நான் பார்த்த காலேஜ்.

முதல் நாள் யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் ஒரு பையன் வந்து, என்ன சாமி என்று கேட்டு, நெற்றிக்கு ஒரு சிட்டிகை வாங்கிக்கொண்டு போனான். அவன் போய்ச் சொல்லியிருக்கிறான். அடுத்த நாள் மணியடிக்கும் முன்னால் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். கழுத்தில் சிலுவை போட்ட பையன் ஒருவனும் கையை நீட்டினான். நீ வேதக்காரப் பிள்ளையாச்சே என்றேன். "எங்க மாதாவும் கோவிக்க மாட்டாக, ஒங்க ஆத்தாளும் கோவிக்க மாட்டாக. குடுங்கண்ணே, நேரமாச்சு" என்றான். கொடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். மண் குறையக் குறைய எல்லையும் குறைந்துபோகுமோ, நீ படுக்கிற இடம் எல்லைக்கு வெளியே போய்விடுமோ என்று அன்று சாயந்திரம் உன்னிடம் கேட்டேன். அந்த ஊருக்கு வந்த பிறகு நீ வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "கொறையலலே, பரவுது. இப்ப அந்தப் பயலுகளும் நம்ம ஊருக்குள்ளதான் படுத்திருக்கானுக" என்றாய்.

கணக்குத் தாள் கடைசியில் வந்தது. அன்று காலையில் நீ மாவு உருண்டையைத் தொடவில்லை. குளித்துவிட்டு வந்து ஈரத்தோடு அப்படியே நின்றாய். கலயத்தைக் கும்பிடு என்றேன். கும்பிட்டாய், ஆனால் உன் கண் அங்கே இல்லை. காலேஜ் வாசல்வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாய். உள்ளே போகிறபோது, "அங்கனயே இருப்பேல்ல?" என்றாய். இருப்பேன் என்றேன்.

மணி அடித்தது. தலையெல்லாம் குனிந்தது. நீ மட்டும் குனியவில்லை. ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேட்டியில் கையைத் துடைத்தாய். திரும்பத் திரும்பத் துடைத்தாய். அறைக்கதவைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். பங்குனி வெயில், நிழல் நகர்ந்துபோய் மரத்துக்கு அந்தப் பக்கம் விழ ஆரம்பித்துவிட்டது. கலயத்தை எடுத்துக்கொண்டு நிழலுக்கு நகர்ந்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்தப் பக்கம் போனால் ஜன்னலுக்கு மறைந்துவிடுவேன். நகரவில்லை. தலை கொதித்தது. காவல்காரர் தூரத்திலிருந்து நிழலுக்குப் போகச் சொல்லிச் சைகை காட்டினார். நான் அவரைப் பார்க்காத மாதிரி இருந்தேன். நீ மறுபடி கதவைப் பார்த்தாய், மறுபடி என்னைப் பார்த்தாய். ஒரு சமயம் பெஞ்சியில் கையை ஊன்றிப் பாதி எழுந்தேவிட்டாய். நான் கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் என்ன நினைத்தாயோ, மெல்ல உட்கார்ந்தாய். உன் தலை குனிந்தது. குனிந்த தலை மணி அடிக்கிறவரை நிமிரவில்லை.

வெளியே வந்தவன் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாய். "நீ எந்திரிச்சா நானும் எந்திரிக்கலாம்னு பாத்தேன்லே. நீ எந்திரிக்கவே இல்ல" என்றாய். வெயிலில் எனக்குத் தொண்டை காய்ந்து கிடந்தது. நீ போய்ப் பக்கத்துக் குழாயில் இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்திக்கொண்டு வந்தாய். வழியிலேயே முக்கால்வாசி சிந்திவிட்டது. மிச்சத்தை என் வாயில் விட்டாய்.

ஊருக்கு வந்தோம். நீ சட்டி எடுத்தாய். நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தித் தெருச் சுற்றி வந்தபோது உன் கை நடுங்கவில்லை என்று உன் அம்மா ஊரெல்லாம் சொன்னாள். நான் கலயத்தை வேளாரிடம் திருப்பிக் கொடுத்தேன். வாய்த்துணியை அவிழ்த்து உள்ளே பார்த்துவிட்டு, "என்னப்பா, பாதி ஆத்தாள மதுரையிலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றார். படிக்கிற பிள்ளைகள் கேட்டார்கள் என்றேன். சரிதான் என்று சொல்லி மிச்சத்தைக் கோயில் வாசலிலேயே கொட்டினார்.

கோடையில் நீ தேறிவிட்ட செய்தி வந்தது. உன் அம்மா ஆத்தாள் எழுதிக் கொடுத்தாள் என்றாள். உன் அப்பா, வருடம் பூராவும் கூடத்தில் நடந்தது ஆத்தாளின் காலா என் மகன் காலா என்று கேட்டார். வேளார் பிடிமண் என்றார். ஆளாளுக்கு உன் தேர்ச்சியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சிலுவை போட்ட அந்தப் பையனிடமிருந்து உனக்குக் கார்டு வந்தது; அவன் தேறவில்லை. அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "அவனும் அதே மண்ணத்தான பூசுனான்?" என்று கேட்டாய். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே உனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "அவன் படிச்சிருந்தானோ என்னவோ. படிச்சிருந்தாலும் அவனுக்கு வெளிய ஒக்கார ஆள் இல்லையே" என்றேன். நீ அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கு மேல் படித்தாய். வடக்கே ரயில்வேயில் வேலை கிடைத்துப் போனாய். அங்கேயே வீடு, அங்கேயே பிள்ளைகள். வரவரக் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாய் என்று உன் வீட்டில் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஊருக்கு வந்தபோது நானே கேட்டேன், சாமி இல்லை என்கிறாயா என்று. அதெல்லாம் தனக்குத் தெரியாது என்றாய். "நீ இருக்கேல்ல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்குச் சாமி உண்டு. இன்றைக்கும் உண்டு. ஆனால் அன்று அந்த மரத்தடியில் நான் ஆத்தாளிடம் என்ன கேட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் நானுமாக உனக்காக உட்கார்ந்திருந்தோம். அவள் இல்லாவிட்டால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன். நான் இல்லாவிட்டால் அவள் யார் மடியில் இருந்திருப்பாள்?

உத்தியோகத்தில் மேலே போக அங்கேயும் பரீட்சை உண்டாம். முதல் தடவை உன்னிடமிருந்து கார்டு வந்தபோது டீக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறொன்றும் இல்லையே, வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்திரு என்று மட்டும் எழுதியிருக்கிறதே, என்ன வியாபாரம் என்றார். வியாழக்கிழமை நான் தறிக்குப் போகவில்லை. வாசலில் மனைப்பலகையைப் போட்டு வடக்கே பார்த்து உட்கார்ந்தேன். அதன்பிறகு உன் மகள் பிரசவத்துக்கு, உன் மகன் வேலை கேட்டுப் போய் நின்ற அன்றைக்கு என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். சிலது பலித்தது, சிலது பலிக்கவில்லை. பலிக்காததற்கு நீ ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

சென்ற ஆடியில் உன் மகன் போன் போட்டான். அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன், நாளைக்குக் காலையில் என்றான். விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். இப்போது எனக்குத் தரையில் உட்கார முடியாது, நாற்காலிதான். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போயிற்று. வெயில் வாசலுக்கு வந்து, என் கால்மேல் ஏறி, மடிக்கு வந்தது. உள்ளே வரச்சொல்லிப் பேரன்கள் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. மத்தியானத்துக்கு மேல் போன் அடித்தது. மருமகள் எடுத்துப் பேசினாள், பேசியபடியே என்னைப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உன் மகன் இங்கே வந்தான். உன்னையே அச்சில் வார்த்த முகம். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே கொண்டுபோகும்போது நீ பயப்படவே இல்லை என்றான். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகையில் அவன் கையைப் பிடித்து, "ஊர்ல சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாயாம். சொல்லியாச்சுப்பா என்றானாம். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாயாம்.

அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டுதான் நான் இருக்கிறேன். சில நாள் அது போதுமாக இருக்கிறது. பல நாள் போதவில்லை. உன் குரலில் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. விடிந்ததும் கால் தன்னால் வாசலுக்கு வந்துவிடுகிறது. யாருக்கு, எதற்கு என்றில்லாமல் வடக்கே பார்த்து உட்கார்ந்துவிடுகிறேன். வெயில் ஏறியதும் மருமகள் வந்து, உள்ள வாங்க மாமா என்று கூப்பிடுகிறாள்.

"இரு தாயி, இன்னும் முடியல" என்கிறேன்.